பதினாறாவது இலை

ஏற்காடு
20-7-1944

அறப்பளீஸ்வரர் துணை.

வாசலூர்பட்டியில் இருக்கும் அக்கா பெருமாயிக்குத் தங்கை சென்னம்மாள் வணங்கி எழுதியது. நான் இங்கே சுகம். நீ, மாமா, உன் மாமியார், விற்கமாட்டேன் என்று வைத்திருக்கிறாயே அந்த முட்டுகிற ஆடு, எல்லோரும் சுகமா?

சுகமா என்று மரியாதைக்குத்தான் கேட்டேன். உன் மேல் எனக்குக் கோபம். மூன்று மாதமாக வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சாமை முளைத்தது, பலாவில் குரங்கு ஏறியது என்று எனக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய். மாமா ஒரு கார்டு போடாவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அன்றைக்குத்தான் எனக்குச் சேதி வந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அதனால் கோபத்தை இந்த வரியோடு விட்டேன்.

இப்போது நல்ல சேதி. எங்கள் பங்களாத் துரைசானி பூச்சி அரித்த வெள்ளைக் கம்பளிச் சட்டை ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். சண்டைக் காலத்தில் கம்பளி நூல் காசு கொடுத்தாலும் கிடைக்காது, தூக்கிப் போடுவேனா? முழுதும் பிரித்துவிட்டேன். ஒரு தடவை பின்னின நூல் பிரித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, சுருட்டை முடி போலக் கோணிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தபடி நனைத்து, வளையமாகச் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, அடியில் ஒரு கல்லைக் கட்டி இரண்டு நாள் தொங்கவிட்டேன். கோணலெல்லாம் போய்விட்டது. புது நூல் என்று சொன்னால் நீயே நம்புவாய்.

அதில் உன் பிள்ளைக்கு ஒரு சால்வை பின்னப் போகிறேன். லேஸ் சால்வை. பள்ளிக்கூடத்தில் நீ சொந்தமாகக் கண்டுபிடித்தாயே மிளகிலைப் பின்னல், அதேதான். முப்பது வரிசை இலை.

அவரும் நலம். பட்டாளத்துக்கு லாரி ஓட்டுகிறார், எந்த ஊரில் என்றுதான் தெரியாது. கடிதத்தில் ஊர்ப்பெயர் வருகிற இடத்திலெல்லாம் கறுப்பு மை பூசிவிடுகிறார்கள். மை பூசாத இடத்தில் ‘சவுக்கியம்’ என்று இருந்தது. எனக்கு அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர்க் குடத்தை மாமா தூக்கட்டும், அவர் தோள் ஒன்றும் தேயாது.

இப்படிக்கு உன் மேல் கோபம் தீர்ந்த
சென்னம்மாள்

*

வாசலூர்பட்டி
ஆடி மாதம் 28

அன்புத் தங்கச்சி சென்னம்மாளுக்கு அக்கா பெருமாயி ஆசீர்வதித்து எழுதியது. இங்கு எல்லோரும் நலம், ஆடும் நலம். உன் நலத்துக்கும், உன் வீட்டுக்காரர் தம்பி மாணிக்கத்தின் நலத்துக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலில் பதினெட்டாம் பெருக்கன்று விளக்குப் போட்டேன்.

கண்ணு, சால்வை வேண்டாம். பிறக்காத பிள்ளைக்குப் புதுசு எதுவும் செய்யக்கூடாது. பிறந்த பிறகும் முதலில் பழைய துணியில்தான் சுற்றுவார்கள். இது உனக்கும் தெரியும். தெரிந்தும் நூலைக் கண்டதும் கை ஊறுகிறது.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். முதல் பிள்ளை மூச்சே விடவில்லை. இரண்டாவது ஆறு நாள். அதெல்லாம் விதி என்று விட்டேன். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது ஆசை தாங்காமல் ஒரு சின்னத் தொப்பி பின்னி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளையும் போனது. தொப்பி அத்தை கையில் அகப்பட்டது. அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கு வைத்த ஊசியை நான் இதுவரை தொடவில்லை.

அதனால் நீ சால்வை பின்னுவதை விட்டுவிட்டு, எனக்கு வேறொன்று செய்ய வேண்டும். பிறந்ததும் பிள்ளை நாக்கில் சேனை வைக்க நீ வர வேண்டும். யார் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். உன்னைப் போல வாயாடியாக, யார் சொன்னாலும் கேட்காததாக, எப்படியாவது பிழைத்துக் கிடக்கிற பிள்ளையாக ஒன்று எனக்கு வேண்டும். தை பிறந்ததும் என்று திருப்புலி நாட்டு மருத்துவச்சி கண்ணாயி கணக்குச் சொல்லியிருக்கிறார்.

வருவாயா? தம்பியிடமிருந்து கடிதம் வந்தால் உடனே எழுது.

உன் அக்கா
பெருமாயி

*

ஏற்காடு
2-9-1944

வணக்கத்துக்குரிய அக்காவுக்குச் சென்னம்மாள் எழுதியது. நான் சுகம். உன் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் சுகமில்லை.

அந்தத் தொப்பியை ஏன் தனியாகச் சுமந்தாய்? எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே மலை ஏறி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொப்பி எந்தப் பிள்ளையையும் கொல்லாது அக்கா. ஆனால் உன் பயத்தோடு நான் சண்டை போட மாட்டேன், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

சால்வை பிள்ளைக்கில்லை. உனக்கு. மார்கழிப் பனியில் நீ போர்த்திக்கொள்ள உன் தங்கச்சி பின்னித் தருகிறாள், இதில் யாருக்கு என்ன குற்றம்? நீ அதைப் போர்த்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போ. அடுப்பு ஊது. காபி சிந்து. உன் மேல் இருந்து இருந்து தை மாதத்துக்குள் அது பழைய துணி ஆகிவிடும். பிள்ளை பிறந்ததும் வீட்டில் கிடக்கிற பழைய துணி ஒன்றில் சுற்ற வேண்டியதுதானே? உன் மாமியார் இதற்கு என்ன சொல்வார் என்று பார்க்கிறேன்.

ஒரு வரிசை முடிந்தால் ஒரு இலை என்று வைத்திருக்கிறேன். ஒன்பது இலை ஆகிவிட்டது.

சேனைக்கு வருவேனா என்று கேட்கிறாயே, வராமல் எங்கே போவேன்? கொல்லிமலைத் தேனை எவள் கையாவது தொட விடுவேனா? மார்கழிக் கடைசியில் வந்து உன் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

அவர் எழுதியிருந்தார். அவர் லாரி போகிற பாதையில் காலை ஒன்பது மணி வரைக்கும் பனி மூட்டமாம். ‘உங்க அக்கா ஊர் மாதிரியே இருக்கு, ஆனா இங்க யாரும் களி கிண்டிப் போடறதில்ல’ என்று எழுதியிருக்கிறார். போன தடவை உன் வீட்டில் தின்ற கேழ்வரகுக் களி அவருக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. சண்டை முடிந்து வந்ததும் நேரே அங்கேதான் என்கிறார். என்னைப் பார்க்க இல்லை, களிக்கு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புள்ள
சென்னம்மாள்

*

வாசலூர்பட்டி
புரட்டாசி 10

தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். உங்கள் இருவர் நலமும் கேட்டு எழுதச் சொன்னார் உன் மாமா.

உன் தந்திரத்தை அத்தையிடம் சொன்னேன். “உன் தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி, எனக்குத்தானே பின்னுகிறாய், பின்னு. கோபமாக இருக்கும்போது மட்டும் ஊசியைத் தொடாதே, உனக்குக் கோபம் வந்தால் கண்ணியை இழுத்துக் கட்டிவிடுவாய்.

பிள்ளை அசைகிறது. நேற்று மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இடது பக்கம் ஒரு உதை. கையிலிருந்த முறம் நழுவி மிளகெல்லாம் கொட்டிவிட்டது. உன் மாமா திட்டுவார் என்று பார்த்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

தம்பிக்கு எழுதும்போது சொல், களிக்கு மாவு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று. அவரிடமிருந்து கடிதம் வந்ததா? எத்தனை இலை ஆயிற்று?

ஆசிகளுடன்
பெருமாயி

*

ஏற்காடு
30-10-1944

(சேந்தமங்கலம் ராஜா முகமது ராவுத்தர் மிளகுக் கடை மூலம். அர்த்தனாரி அவர்கள் கையில் மட்டும் கொடுக்கவும்.)

மாமா அவர்களுக்குச் சென்னம்மாள் வணக்கம்.

நீங்கள் சந்தைக்கு இறங்கும்போது ராவுத்தர் இதைக் கொடுப்பார். அங்கேயே படித்துவிட்டு அங்கேயே கிழித்துவிடுங்கள். மேலே கொண்டு போக வேண்டாம்.

அக்டோபர் 4, புதன்கிழமை, சேலத்தில் என் மாமியார் வீட்டுக்குத் தந்தி வந்தது. அவர் இல்லை மாமா. குண்டு இல்லை, சண்டை இல்லை, காய்ச்சலாம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எந்த ஊர் என்று அதிலும் போடவில்லை. உடம்பு வராது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்த அவருடைய காக்கிச் சட்டை ஒன்றை வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். தாலியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே பங்களாவுக்கு வந்துவிட்டேன், அந்த வீட்டில் எனக்கு உட்கார இடம் இருக்கவில்லை.

அக்காவிடம் சொல்லாதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் சேதி சொல்லக்கூடாது, அதுவும் இவளுக்கு. தம்பி எழுதினாரா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். அதனால்தான் நான் பதில் போடவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். தந்தி வந்த சேதி எட்டும்போது சால்வையில் பதினாறாவது இலையை முடித்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து திரும்பி வந்த பிறகு எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. வேலை முடிந்த நேரமெல்லாம் பின்னினேன். மீதிப் பதினாலு இலையும் பத்தே நாளில் ஆகிவிட்டது. சால்வை முடிந்து மடியில் கிடக்கிறது. முடித்த பிறகுதான் பயம் வந்தது. தாலி அறுத்தவள் கையால் பின்னினதைப் பச்சைப் பிள்ளை மேல் போடுவார்களா? சேனைக்கும் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

சென்னம்மாள்

*

சேந்தமங்கலம்
ஐப்பசி 25

சென்னம்மாளுக்கு அர்த்தனாரி எழுதியது. ராவுத்தர் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் போன சந்தையன்று படித்தேன். ராவுத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாணிக்கம் எனக்குச் சகலை இல்லை, தம்பி. போன வருஷம் மிளகு பறிக்க எனக்கு ஏணி பிடித்தவன். எனக்கு எழுதத் தெரியவில்லை.

பெருமாயியிடம் சொல்லவில்லை. என் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். சால்வை வேண்டாம் என்கிறார். சேனைக்கும் நீ வேண்டாம் என்கிறார். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. மூன்று குழி நானே தோண்டியிருக்கிறேன். நாலாவது தோண்ட என் கை வராது. ஏதாவது ஆகிவிட்டால், அன்றைக்கு அந்தச் சால்வை இல்லாமல் இருந்திருந்தால் என்று ஆயுசுக்கும் நினைப்பேன். அதனால் அனுப்பாதே.

உன் மேல் குறை இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். மன்னிக்கவும்.

அர்த்தனாரி

*

வாசலூர்பட்டி
ஐப்பசி 28

தங்கச்சி சென்னம்மாளுக்கு அக்கா எழுதியது. நாங்கள் நலம். நீ நலமா இல்லையா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

ஒன்றரை மாதமாக என் கடிதத்துக்குப் பதில் இல்லை. காய்ச்சலா? துரைசானி ஏதாவது சொன்னாளா? உன் மாமாவைக் கேட்டால் ஏற்காட்டுத் தபால் மழையில் நின்றிருக்கும் என்கிறார். அவரும் முன்போல் இல்லை. போன சந்தைக்குப் போய்விட்டுக் கண் சிவந்து வந்தார். மிளகுத் தூசி என்றார். இத்தனை வருஷமாக மிளகில் புரளுகிறவருக்கு இந்த வருஷம்தான் தூசி பட்டதாம்.

இங்கே குளிர் ஏறிவிட்டது. என் சால்வை எங்கே? நூல் போதவில்லை என்றால் பின்னின மட்டும் ஊசியோடு அனுப்பு. நீ சொன்னபடி தைக்குள் நான் அதைப் பழசாக்க வேண்டாமா?

தம்பி எழுதினாரா? உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும் கண்ணு.

பெருமாயி

*

ஏற்காடு
24-11-1944

அன்புள்ள அக்காவுக்குச் சென்னம்மாள் வணக்கம். நான் சுகம். நடுவில் கொஞ்சம் காய்ச்சல், இப்போது இல்லை. எழுதாததற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

நீ கேட்டபடி சால்வையை ஊசியோடு அனுப்புகிறேன். பதினாறு இலையோடு நூல் தீர்ந்துவிட்டது. இப்போதுதான் வேறு நூல் கொஞ்சம் கிடைத்தது, அதையும் உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறேன். பங்களாவில் விருந்தாளிகள், எனக்குக் கை ஓயவில்லை. மீதியை நீயே பின்னிக்கொள். உன் பின்னல்தானே, என்னைவிட உனக்கு நன்றாக வரும்.

பட்டாளத்துத் தபால் இப்போதெல்லாம் சரியாக வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சென்னம்மாள்

(ராவுத்தர் கடைக்கு அனுப்பிய அதே மூட்டையில், மாமாவுக்கு என்று தனியாக வைத்த சீட்டு.)

மாமா, நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்று எழுதுவது பொய், ஆனால் கோபம் இல்லை. தந்தி வந்த அன்று எந்த இலையில் நின்றேனோ அதுவரைக்கும் பிரித்துவிட்டேன். இப்போது சால்வையில் இருப்பதெல்லாம் தாலியோடு இருந்தவள் பின்னினது. அதையாவது அக்காவிடம் கொடுங்கள். மீதி அவள் கையால் ஆகட்டும்.

*

வாசலூர்பட்டி
மார்கழி 5

என் கண்ணு சென்னம்மாளுக்கு அக்கா எழுதியது. எல்லோரும் நலம்.

சால்வையும் நூலும் வந்து சேர்ந்தன. பின்ன ஆரம்பித்துவிட்டேன். எத்தனை வருஷம் கழித்து ஊசி பிடிக்கிறேன், முதல் இரண்டு நாள் விரல் மரம் மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. பகலில் வெயில் விழுகிற இடத்தில் கல்லில் உட்கார்ந்து பின்னுகிறேன். அத்தை பார்த்துவிட்டுப் போகிறார்.

சேனைக்கு நீ அவசரப்பட்டு வர வேண்டாம். மார்கழியில் காரவள்ளிப் பாதையெல்லாம் வழுக்கும், துரைசானியும் விடமாட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகச் சாப்பிடாதே, அந்தப் பங்களாச் சமையல்காரியோடு உட்கார்ந்து சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. தினம் கொஞ்ச நேரம் வெயிலில் நில். நான் பக்கத்தில் இருந்தால் நானே வைத்துவிடுவேன் கண்ணு. இல்லையே.

உன் அக்கா
பெருமாயி

*

சேந்தமங்கலம்
தை 9

சென்னம்மாளுக்கு. தை மூன்றாம் தேதி காலை பெண் குழந்தை. இருவரும் நலம். பெருமாயி பிறகு எழுதுவாள்.

அர்த்தனாரி

*

வாசலூர்பட்டி
மாசி 4

அறப்பளீஸ்வரர் துணை.

அன்புத் தங்கச்சி சென்னம்மாளுக்கு அக்கா பெருமாயி எழுதிக்கொண்டது. நான் நலம், உன் மாமா நலம், அத்தை நலம். நாலாவதாக ஒருத்தி மடியில் கிடந்து இந்தக் காகிதத்தை எட்டி உதைக்கிறாள். அவளும் நலம். இன்றைக்கு முப்பதாம் நாள். முப்பது நாள் ஆகட்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதற்கு முன் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நூல் உருண்டையைப் பிரித்து மடியில் போட்டேன். இழுத்தால் நீளுகிறது, விட்டால் சுருண்டுகொள்கிறது. வேறு நூல் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். பின்னிப் பிரித்த நூலை எனக்கு அடையாளம் தெரியாதா? முதல் கடிதத்தில் நீயேதானே கல் கட்டித் தொங்கவிட்ட கதையை எழுதினாய். இதை நனைக்கவும் இல்லை, கல் கட்டவும் இல்லை. நீ மறக்கிறவளும் இல்லை. மனசு வேறெங்கோ இருந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உன் மாமாவிடம் கேட்டேன். “ஏனுங்க, இது புது நூலில்லீங்க. சால்வைய முழுசாப் பின்னி முடிச்சு, பாதியப் பிரிச்சிருக்கா. என் தங்கச்சி எதுக்குங்க பிரிச்சா?” என்றேன். “நூலு ஊசியெல்லாம் எனக்கென்ன தெரியும்?” என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் சாமை அறுத்த காட்டில் உட்கார வைத்துச் சொன்னார். உனக்கு எழுதின கடிதத்தையும் சொன்னார். சொல்லிவிட்டு, அறுத்த சாமைத் தாளைக் கையில் வைத்து ஒடித்துக்கொண்டே இருந்தார்.

அன்று முழுக்க அழுதேன். அத்தை வந்து, “வவுத்துப் பிள்ளைக்கு ஆகாது சாமி, நிறுத்து” என்றார். நிறுத்த முடியவில்லை. களிக்கு என்று தனியாக வைத்திருந்த மாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது.

மார்கழிக் கடிதத்தில் தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, கவனித்தாயா? கேட்டால் நீ இன்னொரு பொய் எழுத வேண்டும். முதல் பொய் எழுதவே உனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. வேண்டாம், உன் பாரத்தில் இது ஒன்றாவது குறையட்டும் என்று விட்டேன். சேனைக்கு வராதே என்று எழுதியதும் அதற்குத்தான், உன்னை வேண்டாம் என்று இல்லை. என் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்க நீ என்ன பாடு படுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்து நீ எப்படி இருந்தாயோ என்று நினைத்து நினைத்து நொந்தேன்.

நூலை நனைத்துக் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தால் இரண்டே நாளில் நேராகியிருக்கும். எனக்கு மனசு வரவில்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு கோணலும் நீ தனியாக உட்கார்ந்து போட்ட கண்ணி. அதை எப்படி அழிப்பேன்? கோணலோடேயே பின்னினேன். சரியாகப் பதினாலு இலை வந்தது. சால்வையில் உன் பாதி வழவழவென்று இருக்கிறது, என் பாதி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் அக்காவுக்குப் பின்னத் தெரியவில்லை என்பார்கள். சொல்லட்டும்.

பின்னி முடித்துத் தினமும் போர்த்திக்கொண்டேன். மாட்டுக் கொட்டகை, அடுப்படி, மிளகுக் களம், எல்லா இடத்துக்கும் கூட வந்தது. காபியும் சிந்தினேன், நீ சொன்னாயே என்று ஒரு முறை வேண்டுமென்றே சிந்தினேன்.

தை மூன்று விடியற்காலம் வலி எடுத்து, பொழுது ஏறும்போது பிறந்தாள். பிறந்ததும் சத்தமே இல்லை. கண்ணாயி காலைப் பிடித்துத் தட்டுகிறார், தட்டுகிறார். எனக்கு முதல் பிள்ளை ஞாபகம். அப்புறம் கத்தினாள் பார், முட்டுகிற ஆடு பதில் கத்தியது. அத்தை வெளியே போய் நின்றுகொண்டார், அழுததை நாங்கள் பார்க்கக்கூடாதாம்.

கண்ணாயி தேனைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, “சேனை ஆருங்க வெக்கிறது?” என்றார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அப்போது உன் மாமா உள்ளே வந்தார். என் தோளிலிருந்த சால்வையை எடுத்தார். நீ பின்னின பாதியையா? இல்லை. கோணல் நூல் இருக்கிற பாதியைத் தேடிப் பிடித்து, அதன் கோடியைத் தேனில் தொட்டார்.

“இது சென்னம்மா பின்னுன நூலு. அவ வெக்கட்டும்” என்றார்.

“டேய், அவ...” என்று அத்தை ஆரம்பித்தார்.

“தெரியுமுங்கம்மா. தெரிஞ்சேதான் வெக்கிறேன். அவளுக்கு நான் ஒரு கடுதாசி எழுதிப்போட்டேன், அத இப்படித்தான் திருப்பி வாங்கோணும்” என்றார்.

பிள்ளை நாக்கை நீட்டி அந்தக் கோடியைச் சப்பினாள். விடவே இல்லை. நூலைப் பிடுங்க வேண்டியிருந்தது. அத்தை “அப்படியே அவளாட்டவே புடிவாதம்” என்றார். பத்தாம் நாள் தாண்டி, பதினொன்றாம் நாள் காலையில் சால்வையைத் தேடி எடுத்துப் பிள்ளையைச் சுற்றினவர் அத்தைதான். உனக்கு எழுதச் சொன்னார்.

அதனால் தங்கச்சி, உன் மகளுக்குச் சேனை நீதான் வைத்தாய். நீ இல்லாமல் வைத்தாய். இனி இல்லாமல் இருக்காதே. வா. அழ வேண்டியது இருந்தால் இங்கே வந்து அழு, எனக்கும் இருக்கிறது.

சால்வையின் கோடியில் தேன் காய்ந்து மொடமொடவென்று நிற்கிறது. எறும்பு வருகிறது. துவைக்கிறேன் என்றால் உன் மாமா விடவில்லை. “அவ வந்து தொவைக்கட்டும்” என்கிறார். ஆகவே நீ வந்து துவை.

வழி பார்த்திருக்கும் உன் அக்கா
பெருமாயி

*

ஏற்காடு
24-2-1945

அக்காவுக்கும் மாமாவுக்கும் சென்னம்மாள் வணக்கம். அத்தைக்கு ஒரு தனி வணக்கம்.

கடிதத்தைச் சமையல்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அக்டோபரிலிருந்து அழாததையெல்லாம் அங்கேயே அழுதுவிட்டேன். துரைசானி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறாள்.

அடுத்த சந்தையன்று ராவுத்தர் கடையில் வந்து இறங்குவேன். மாமா வந்து நிற்கட்டும். அந்த மாவைக் கொட்டிவிடாதே அக்கா, வந்ததும் களி கிண்டு, அவர் பங்கையும் நானே சாப்பிடுகிறேன்.

கம்பளிக்குச் சவுக்காரம் ஆகாது, வெந்நீர் ஆகாது. பூந்திக்கொட்டை கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சால்வை முழுவதையும் துவைத்துத் தருவேன். அந்த ஒரு கோடியை மட்டும் நானும் துவைக்க மாட்டேன்.

வாரேன்.

சென்னம்மாள்